ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியின் படிக அமைப்பைக் கண்டறிதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் அணு அமைப்பைக் காணும் புரதப் படிகவியலில் புதிதாக இறங்குபவர் கையில் எடுக்க ஏற்ற நொதி, மாட்டின் கணையத்திலிருந்து பெறப்படும் ரைபோநியூக்ளியேஸ் ஏ. 124 அமினோ அமிலங்களும் 4 டைசல்பைடு பிணைப்புகளும் கொண்ட இச்சிறு நொதி, தூய பொடியாகவே விலைக்குக் கிடைக்கிறது. கொதிக்க வைத்தாலும் ஆறியபின் மீண்டும் வேலை செய்யும் அளவுக்கு உறுதியானது, அதனாலேயே ஆர்.என்.ஏ. ஆய்வு செய்பவர்கள் இதன் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். அவர்களுடைய மேசைக்குத் தள்ளியே, தனிப் பிப்பெட் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படிகம் வளர்த்தல்

நொதியை ஒரு மில்லிலிட்டர் நீருக்கு 30 மில்லிகிராம் வீதம் கரையுங்கள். 24 குழித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் 500 மைக்ரோலிட்டர் கரைசல் ஊற்றுங்கள். அதில் 25 சதவீதம் பாலிஎத்திலீன் கிளைக்கால் 4000-உம், பிஎச் 5.5 உள்ள 20 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட்டும் இருக்கட்டும். இது நடுப்புள்ளி மட்டுமே. குறுக்கு வரிசையில் கிளைக்காலை 18 முதல் 28 சதவீதம் வரையிலும், நெடுக்கு வரிசையில் பிஎச்சை 5.0 முதல் 6.0 வரையிலும் மாற்றிக்கொண்டு போங்கள். மெல்லிய கண்ணாடி வில்லையில் நொதிக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர், குழிக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர் சேர்த்துத் துளியாக்கி, வில்லையைக் கவிழ்த்து, குழியின் விளிம்பில் தடவிய கிரீஸ் மேல் காற்றுப் புகாதபடி அழுத்துங்கள். துளியிலுள்ள நீர் ஆவியாகிக் குழிக்குச் செல்லச் செல்ல, துளி மெதுவாகச் செறிவடைந்து, படிகம் விளையும்.

தட்டை 16 முதல் 20 டிகிரி செல்சியசுக்குள் அசைக்காமல் வைக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் மின்சாரம் போய், நான் வைத்திருந்த தட்டு சூடேறியது. குளிர்ந்தபோது வில்லைகளின் அடியில் வியர்த்த நீர் துளிகளோடு கலந்து, காலையில் கூர்முனையோடு இருந்த படிகங்கள் மாலைக்குள் முனை மழுங்கிக் கரைந்துபோயின. அன்றிலிருந்து தட்டைத் தெர்மோகோல் பெட்டிக்குள்தான் வைக்கிறேன்.

அலகுக்கூடும் சீர்மையும்

தரவு எடுக்குமுன் அலகுக்கூடு என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. செட்டிநாட்டு வீட்டு வளவில் பாவிய ஆத்தங்குடிக் கல்லை உற்றுப் பாருங்கள். சில வகைகளில் ஒரு கல்லில் பூவின் கால்பங்குதான் இருக்கும். நான்கு கற்களைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தால்தான் பூ முழுமையாகும். தரை முழுவதும் திரும்பத் திரும்ப வருகிற அந்த நான்கு கல் தொகுதி அலகுக்கூடு; திருப்பி வைக்கப்பட்ட ஒற்றைக் கல் சீர்மையற்ற அலகு. ஆனால் கல்லில் வரைந்த பூ, கண்ணாடியில் பார்த்தாலும் அதே பூவாக இருக்கலாம். இடக்கை வகை அமினோ அமிலங்களால் ஆன புரதத்துக்கு அது வாய்க்காது. ஆகவே படிகங்களுக்குரிய 230 சீர்மை வகைகளில் 65 மட்டுமே புரதப் படிகங்களில் வரும்.

தரவு எடுத்தல்

படிகத்தைச் சிறு நைலான் வளையத்தில் ஏந்தி, குழிக் கரைசலோடு பனிக்கட்டி உருவாகாமலிருக்க 20 சதவீதம் கிளிசரால் சேர்த்ததில் சில நொடி நனைத்து, 100 கெல்வின் குளிரில் எக்ஸ் கதிர் முன் நிறுத்துங்கள். செம்பிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரு கரிம அணுக்களுக்கு இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ அதுதான். இன்னும் வலிய கதிர் வேண்டுமென்றால் இந்தூரின் இண்டஸ்-2 என்னும் சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு வலிய எக்ஸ் கதிர் பெறும் கருவி) புரதப் படிகங்களுக்கென ஒரு கதிர்ப்பாதை உள்ளது. படிகத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி எடுத்த படங்களில் புள்ளிகள் தெரியும். எக்ஸ்.டி.எஸ். மென்பொருள் அவற்றை, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று காட்டும் செறிவுப் பட்டியலாக மாற்றித் தரும்.

கட்டச் சிக்கல்

உணர்கருவி ஒவ்வொரு புள்ளியின் செறிவை மட்டுமே பதிவு செய்யும். அலை எந்தக் கட்டத்தில், அதாவது முகடாகவா பள்ளமாகவா இடைநிலையிலா, வந்து சேர்ந்தது என்பது தொலைந்துவிடும். கட்டம் இல்லாமல், அணுக்கள் இருக்குமிடத்தைக் காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் கிடையாது. சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனுடன் கொலாஜன் அமைப்பை ஆராய்ந்த கோபிநாத் கர்த்தா, பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து, கன உலோக அணுக்களைப் படிகத்துக்குள் புகுத்திக் கட்டத்தைக் கணக்கிட்டு, 1967இல் இதே நொதியின் அமைப்பை வெளியிட்டார். இன்று புரதத் தரவு வங்கியிலுள்ள 7ஆர்எஸ்ஏ என்னும் மாதிரியைப் பேசர் மென்பொருளுக்குக் கொடுத்தால், அதை உங்கள் அலகுக்கூட்டில் பொருத்தித் தற்காலிகக் கட்டத்தைத் தந்துவிடும்.

தொடக்கநிலையினர் ஏமாறும் இடமும் இதுவே. கட்டம் மாதிரியிடமிருந்து கடன் வாங்கியது என்பதால், நீங்கள் உள்ளே வைத்ததையே வரைபடம் திருப்பிக் காட்டக்கூடும். ஆகவே பொருத்துவதற்கு முன்பே மாதிரியிலிருந்து ஹிஸ்டிடின் 12, லைசின் 41, ஹிஸ்டிடின் 119 ஆகிய மூன்றின் பக்கச் சங்கிலிகளை நீக்கிவிடுங்கள். இவைதான் வெட்டும் இடத்தின் முதன்மை உறுப்புகள். பின்னர், தரவில் இருந்தும் மாதிரியில் இல்லாததைக் காட்டும் வேறுபாட்டு வரைபடத்தை, கூட் மென்பொருளில் 3 சிக்மா அளவில் (வரைபடத்தின் சராசரி ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கு) திறந்து பாருங்கள். நீக்கிய இடத்தில் ஹிஸ்டிடினின் தட்டையான வளையம் தானாக எழுந்து நின்றால், அது உங்கள் படிகம் சொல்லும் சாட்சியம். 119ஆம் ஹிஸ்டிடின் சில படிகங்களில் இரு திசைகளில் தெரியும். பிழையென்று எண்ணி ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

திருத்துதல்

மாதிரியைத் தரவுக்கு ஏற்பச் சிறிது சிறிதாக மாற்றுவதே திருத்தம். தொடக்கத்திலேயே 5 சதவீதப் புள்ளிகளை ஒதுக்கி வைத்து, திருத்தத்தில் அவற்றைத் தொடாதீர்கள். மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ஆர் மதிப்பு இறங்கியும் ஒதுக்கிய புள்ளிகளின் ஆர்-ஃபிரீ இறங்காவிட்டால், நீங்கள் இரைச்சலுக்கு மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புரதச் சங்கிலியின் முதுகெலும்புக் கோணங்களை, எந்தக் கோணங்கள் இயலும் என்று காட்டும், 1963இல் சென்னையிலிருந்து வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

நொதி வெட்டும் நிலையைப் பார்க்க விரும்பினால், படிகத்தைச் சிறு டி.என்.ஏ. துண்டுள்ள கரைசலில் ஊறவைத்து மீண்டும் தரவு எடுங்கள். ஆர்.என்.ஏ.வை வெட்டத் தேவையான 2' ஹைட்ராக்சில் (சர்க்கரையின் இரண்டாம் கரிமத்திலுள்ள OH தொகுதி) அதில் இல்லாததால், துண்டு வெட்டுப்படாமல் ஹிஸ்டிடின் 12க்கும் 119க்கும் இடையே கிடக்கும்.