முழங்கால் உதறலை வரைந்து நரம்பு மண்டலத்தைப் பிடிப்பது எப்படி?

நரம்பு மண்டலத்தின் பிரிவுகளைக் கிளை கிளையாகப் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூடத் தங்காது. ஒரே ஒரு சுற்றை முழுதாக வரைந்து பாருங்கள், பிரிவுகள் தானாக நினைவில் நிற்கும். நமக்கு வேண்டியது முழங்கால் அனிச்சைச் செயல். முழங்கால் சில்லுக்குக் கீழே மருத்துவர் ரப்பர் சுத்தியலால் தட்டினால் கால் உதறுமே, அதுதான்.

வெள்ளைத் தாள், பென்சில், அழிப்பான், நீலமும் சிவப்பும். டேப்லெட் வேண்டாம் என்பேன். அழித்து அழித்துக் கையால் வரைந்தால்தான் பதிகிறது.

படி 1: தாளின் நடுவில் பெரிய முட்டை வடிவம். இது தண்டுவடத்தின் குறுக்குவெட்டு. உள்ளே பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பொருள், சுற்றிலும் வெண்ணிறப் பொருள். மேல் பக்கத்தில் 'முதுகு' என்று இப்போதே எழுதிவிடுங்கள். முட்டையின் கோடுதான் எல்லை: உள்ளே மைய நரம்பு மண்டலம், வெளியே புற நரம்பு மண்டலம்.

படி 2: ஒரு பக்கம் மட்டும் போதும். முதுகுப்புற வேர் ஒன்று, வயிற்றுப்புற வேர் ஒன்று. இரண்டும் வெளியே சேர்ந்து ஒரு தண்டுவட நரம்பு. மனிதருக்கு இப்படி 31 ஜோடி. முதுகுப்புறம் உணர்ச்சி உள்ளே வரும், வயிற்றுப்புறம் கட்டளை வெளியே போகும். பிரெஞ்சு உடலியங்கியலாளர் மஜாந்தி 1822-இல் நாய்க்குட்டிகளில் வேர்களை வெட்டிப் பார்த்துக் காட்டியது இதைத்தான்.

படி 3: உணர்ச்சி நியூரான், அதாவது உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும் நரம்புச் செல், நீலத்தில். என்னை அதிக நேரம் உட்கார வைத்த படி இது. டென்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை), செல் உடலம், ஆக்ஸான் (செய்தி அனுப்பும் நீள இழை) என்று வரிசையாக நிற்கும் பாடப்புத்தக நியூரானை இங்கே பொருத்திப் பார்த்தால் செல் உடலம் தொடையிலோ தண்டுவடத்துக்குள்ளோ போய் நிற்கும். இரண்டுமே இல்லை. அது முதுகுப்புற வேரில் புடைத்துக்கொண்டிருக்கும் நரம்பு முடிச்சுக்குள், அதாவது எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு காம்பு கிளம்பி இரண்டாகப் பிரியும்; ஒன்று தொடைத் தசைக்கு, மற்றது தண்டுவடத்துக்கு. இதனால்தான் 'போலி ஒருமுனை' நியூரான் என்கிறார்கள்.

ஏன் வெளியே? கருவில் தண்டுவடம் நரம்புக் குழலிலிருந்து உருவாகிறது. இந்தச் செல்களோ குழலின் ஓரத்தில் உள்ள நரம்பு முகட்டில் பிறந்து, வெளியே நகர்ந்து போய்த் தங்கியவை. இது புரிந்தால் முடிச்சை வேறு இடத்தில் போடவே மாட்டீர்கள்.

படி 4: சிவப்பில் இயக்கு நியூரான். இது பலமுனை வகை, செல் உடலத்திலிருந்தே பல கிளைகள் கிளம்பும். செல் உடலம் சாம்பல் பொருளின் வயிற்றுப்புறக் கொம்பில். ஆக்ஸான் வயிற்றுப்புற வேர் வழியே தொடையின் முன்தசைக்கு. நீலம் சிவப்பைத் தொடும் இடத்தில் ஒரு சினாப்ஸ், அதாவது ஒரு நியூரான் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் சந்திப்பு. உதறலுக்கு இந்த ஒன்றே போதும், மூளையிடம் கேட்க வேண்டியதில்லை.

படி 5: நீலத்திலிருந்து இன்னொரு கிளை எடுத்து, முட்டைக்குள்ளேயே ஒரு சின்ன இடைநியூரானை வரையுங்கள், வெறும் பென்சிலில். தொடையின் பின்தசைக்குப் போகும் இயக்கு நியூரானை அது அடக்கி வைக்கிறது. முன்தசை சுருங்கும்போது பின்தசை எதிர்த்து இழுக்கக் கூடாதல்லவா?

படி 6: மயலின் உறை, அதாவது ஆக்ஸானைச் சுற்றிய கொழுப்பு உறை. எல்லைக்கு வெளியே ஸ்வான் செல்கள், ஒரு செல் ஒரு ஆக்ஸானின் ஒரு துண்டைச் சுற்றும். உள்ளே ஆலிகோடென்ட்ரோசைட், ஒரே செல் பல ஆக்ஸான்களுக்கு உறை போடும்.

பின்சேர்க்கை: "இந்தச் சுற்று 2 முதல் 4 வரையான இடுப்புத் தண்டுவட நரம்புகள் வழியாகத்தானே? 3-ஆம் இடுப்பு முள்ளெலும்புக்கு நேரே வெட்டினால் தண்டுவடமே இல்லையே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். பெரியவர்களில் தண்டுவடம் 1, 2-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் முதுகெலும்பு அதைவிட நீளமாக வளர்கிறது. நாம் வெட்டிய துண்டு மேலே, மார்பு முள்ளெலும்புகளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பக்கவாட்டுப் படம் போடுபவர்கள் வேர்களை அங்கிருந்து கீழ்நோக்கி நீளமாக இழுத்து, 3-ஆம் இடுப்பு நரம்பின் முடிச்சை 3, 4-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளையருகே வையுங்கள்.