புதிருக்குள் கணக்கை ஒளித்து வைப்பது எப்படி: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு

ஒரு தாளில் இருபது கூட்டல் கணக்கை வரிசையாக எழுதிக் கொடுத்தால், ஆறாவதிலேயே பென்சில் சீவ எழுந்து போய்விடுவார்கள். அதே இருபதையும் ஒரு முக்கோணத்துக்குள் ஒளித்து வைத்துக் கொடுங்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் ‘இரு, இன்னும் ஒண்ணுதான்’ என்பார்கள். அதனால் புதிரைத் தேர்ந்தெடுக்கும்போது விடை எவ்வளவு சாமர்த்தியமானது என்று பார்க்க வேண்டாம். விடைக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை எத்தனை கணக்கு போடும் என்று எண்ணிப் பாருங்கள். ‘மரத்தில் பத்துப் பறவை, ஒன்றைச் சுட்டால் மீதி எத்தனை?’ என்பதில் கணக்கே கிடையாது. எப்போதாவது சிரிக்கக் கேட்கலாம். அடிக்கடி கேட்டால் எந்தக் கணக்கைக் கண்டாலும் ‘இதுல என்ன தில்லுமுல்லு?’ என்று தேடுகிற பழக்கம் வந்துவிடும். கூட்டத் தெரிந்த பிள்ளையும் கூட்டாது.

கடையில் வாங்க எதுவும் இல்லை. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை நூறு, ஒரு சிலேட்டு, பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிய 1 முதல் 100 வரையான எண் கட்டம், கொஞ்சம் சில்லறை போதும். எண் கட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் இரண்டரை செ.மீ. இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் கொட்டை வைக்கும்போது பக்கத்து எண்ணும் மறைந்துபோகும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்து, எண்ணியே உள்ளே வையுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும்.

எந்தப் புதிர் எந்த வகுப்புக்கு என்று கறாராகப் பிரிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிப்பார்கள். புதிருக்கும் அதுதான் சரி. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் 20-க்குள் தடுமாறுகிற பிள்ளைக்கு 20-க்குள் உள்ள புதிரையே கொடுங்கள்.

முக்கோணத்தில் தொடங்குங்கள்

ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று மூலையில் மூன்று வட்டம், மூன்று பக்கத்தின் நடுவில் மூன்று வட்டம் போடுங்கள். 1 முதல் 6 வரை எண் எழுதிய ஆறு சிறு அட்டைகளைக் கொடுங்கள். எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் 9 வரும்படி வைக்க வேண்டும். தாளில் எழுதவிடாதீர்கள்; அழித்து அழித்துத் தாள் கிழிந்ததும் ஆர்வமும் போய்விடும். அட்டை என்றால் நகர்த்திக்கொண்டே இருக்கலாம். ஒருமுறை வைத்துப் பார்க்க மூன்று கூட்டல். ஏழெட்டு முறை மாற்றினால் இருபதைத் தாண்டிவிடும்.

பத்து நிமிடமாகியும் வரவில்லை என்றால் ‘1, 2, 3 மூன்றையும் மூலையில் வை’ என்று மட்டும் சொல்லுங்கள். பக்கங்கள் 1-5-3, 3-4-2, 2-6-1 என்று அமைந்துவிடும். அடுத்து 10, பிறகு 11, 12 வரச் செய்யச் சொல்லுங்கள். மூலைகள் முறையே 1, 3, 5. 2, 4, 6. 4, 5, 6.

நாலையும் முடித்த பிள்ளையிடம் 13 கேளுங்கள். வராது. ஏன் வராது என்பதில்தான் சுவாரசியம். ஆறு எண்களையும் கூட்டினால் 21. மூன்று பக்கங்களையும் கூட்டும்போது மூலை எண்கள் இரண்டு தடவை எண்ணப்படுகின்றன. பக்கம் 13 என்றால் மொத்தம் 39. அதில் 21 போக 18 மூலைகளிலிருந்து வர வேண்டும். இருப்பதிலேயே பெரிய மூன்றும் சேர்ந்தால் 15-தான். 8-உம் இதே மாதிரி முடியாது. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நீங்களே விளக்கிவிட வேண்டாம். ‘எந்த எண்ணை ரெண்டு தடவை எண்ணினோம்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

எண் கோபுரம்

அடியில் மூன்று செங்கல், மேலே இரண்டு, உச்சியில் ஒன்று. அடுத்தடுத்த இரண்டைக் கூட்டினால் மேலே உள்ளது. அடியில் 3, 5, 2 என்றால் மேலே 8, 7, உச்சி 15. மொட்டு நிலைக்கு மூன்றையும் கொடுத்து ஏறச் சொல்லலாம். தேறியவர்களுக்கு உச்சி 15, ஓரங்கள் 3, 2 என்று கொடுத்து நடுச் செங்கல்லைக் கேளுங்கள்.

இதை உருவாக்கும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். உச்சியை மனம்போல மாற்றி 16 என்று எழுதிவிடுவார்கள். நடு எண் இரண்டு தடவை ஏறுவதால், உச்சியில் ஓரங்களைக் கழித்தால் இரட்டைப்படை எண் வந்தாக வேண்டும். 16-இல் 5 போனால் 11. அதன் பாதி முழு எண் இல்லை. பிள்ளை அரை மணி நேரம் போராடும், தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். எந்தப் புதிரையும் முதலில் முழுதாக விடையோடு எழுதுங்கள், பிறகு வேண்டியதை மட்டும் அழியுங்கள்.

‘நான் யார்?’

இட மதிப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. எண் கட்டத்தை விரித்துக் குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

‘நான் ஈரிலக்க எண். என் இலக்கங்களைக் கூட்டினால் 9.’ பிள்ளை பொருந்தும் எண்களின் மேல் கொட்டை வைக்க வேண்டும். 18, 27, 36 என்று 81 வரை சாய்வாக ஒரே கோட்டில் எட்டுக் கொட்டைகள் வந்து நிற்கும். அழகாக இருப்பதால் முடிந்தது என்று கையை எடுத்துவிடுவார்கள். 90 மட்டும் கோட்டை விட்டு விலகி, வலது ஓரத்தில் தனியாக இருக்கும். அதைத் தவறவிடுவது சகஜம். ‘எத்தனை வச்சிருக்க? இன்னும் ஒண்ணு இருக்கு’ என்றால் போதும். ‘நான் இரட்டைப்படை’ என்றதும் நாலு கொட்டை எடுபட்டு 18, 36, 54, 72, 90 நிற்கும். ‘நான் 50-ஐவிடப் பெரியவன்’ என்றதும் மூன்று. ‘என் இலக்கங்களுக்குள் வித்தியாசம் 5’ என்றதும் 72 மட்டும்.

குறிப்புகளின் வரிசையில் கவனம் வேண்டும். கடைசிக் குறிப்பை இரண்டாவதாகச் சொல்லியிருந்தால் 27, 72 இரண்டுதான் மிஞ்சும். மீதி இரண்டு குறிப்புகளில் ஒன்றுக்கு வேலையே இல்லை. வலுவான குறிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிப்பும் குறைந்தது ஒரு கொட்டையையாவது எடுக்க வைக்க வேண்டும்.

வாயால் சொல்லும்போது 90-உம் 900-உம் சில பிள்ளைகளைக் குழப்பும். தொண்ணூறில் ‘நூறு’ கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ கேட்கிறது. கேட்டதை அப்படியே எழுதினால் ஒரு பூஜ்யம் கூடிவிடும். இது கணக்குத் தவறு இல்லை, காதுத் தவறு. எண்பது, தொண்ணூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் நாலையும் அட்டையில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டே விளையாடுங்கள்.

குபேரக் கோலமும் ஒரு புதிர்தான்

பூஜை அறையில் குபேரக் கோலம் போடுகிற வீடு என்றால் மூன்றுக்கு மூன்று மாயச்சதுரம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மேல் வரிசை 23, 28, 21. நடு வரிசை 22, 24, 26. கீழே 27, 20, 25. குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டமாக எப்படிக் கூட்டினாலும் 72. கடன் வாங்கிக் கழிக்கப் பழகுகிற பிள்ளைக்கு 28, 22, 20, 25 ஆகிய நான்கையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள். மேல் வரிசையில் ஒரே கட்டம்தான் காலி என்பதால் அங்கே தொடங்கலாம். கீழ் வரிசையில் இரண்டு காலி. அங்கே தொடங்குகிற பிள்ளை முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே நுழைவது என்று தேடுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான், உடனே கை காட்ட வேண்டாம். ஆனால் நுழைய ஒரு வழியாவது நீங்கள் வைத்திருக்க வேண்டும்.

பெரிய வகுப்புப் பிள்ளையை ஒவ்வொரு கட்டத்திலும் 19-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 4, 9, 2. 3, 5, 7. 8, 1, 6 வரும். 1 முதல் 9 வரையான பழைய மாயச்சதுரம், கூடுதல் 15. எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைக் கூட்டினால் சதுரம் கெடாது என்று தெரிந்துவிட்டால், தன் பிறந்த தேதியைக் கூட்டிப் புதுச் சதுரம் செய்யும்.

சில்லறையும் குழியும்

1, 2, 5 ரூபாய் நாணயங்களை வைத்துக்கொண்டு 10 ரூபாயை எத்தனை விதமாகத் தரலாம் என்று கேளுங்கள். பத்து விதம். 5-ஐ எத்தனை எடுக்கிறோம் என்று முதலில் முடிவுசெய்தால் ஒன்றும் தப்பாது: இரண்டு 5 என்றால் 1 விதம், ஒரு 5 என்றால் 3, 5 இல்லாமல் 6. கண்டபடி தேடுகிற பிள்ளை ஒரே விதத்தை இரண்டு தடவை எழுதும். ‘சரியாக நாலு நாணயம்’ என்றால் 5, 2, 2, 1 மட்டுமே.

பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 காய். அள்ளுவதற்கு முன்னாலேயே கடைசிக் காய் எங்கே விழும் என்று சொல்ல வேண்டும் என ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். குழிகளுக்கு 1 முதல் 14 வரை எண் போட்டுக்கொண்டால், 3-ஆம் குழியிலிருந்து 5 காய் எடுத்தால் 8-இல் முடியும். 12-ஆம் குழி என்றால் 17. 14 போக 3. எடுத்த குழியையே ‘ஒண்ணு’ என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு. தாயக்கட்டையில் ஒவ்வொரு உருட்டலிலும் எந்தக் கூடுதல் வந்தது என்று கோடு போட்டுக்கொண்டே ஐம்பது உருட்டல் போனால், பெரும்பாலும் 3 முன்னால் நிற்கும். இரண்டு கட்டைகளில் 3 வர நாலு வழி, தாயத்துக்கு இரண்டே வழி.

தாத்தா பாட்டி சொன்ன கணக்குகள்

பறந்துபோகும் கொக்குக் கூட்டத்தைப் பார்த்து, மரத்தில் இருந்த ஒற்றைக் கொக்கு ‘நீங்கள் நூறு பேரா?’ என்று கேட்கும் கதை பல வீடுகளில் உண்டு. ‘நாங்களும், எங்கள் அளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு’ என்பது பதில். ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றது. ஊகித்துப் போடட்டும்: 40 என்றால் 40, 40, 20, 10, 1, 111, அதிகம். 32 என்றால் 89, போதாது. 36-இல் நிற்கும். 35 என்று வைத்தால் பாதி பதினேழரை ஆகிவிடும். அப்போதுதான் 4-ஆல் மீதியில்லாமல் வகுபடும் எண்ணையே தேட வேண்டும் என்பது உறைக்கும். பின்னம் படிப்பவர்களுக்குக் கால் பங்காக எண்ணிக் காட்டலாம். ஒரு கூட்டம் நாலு கால், இன்னொன்று நாலு, பாதி இரண்டு, அதில் பாதி ஒன்று. ஆக 11 கால். ஒற்றைக் கொக்கு போக 99. அதை 11-ஆல் வகுத்தால் ஒரு கால் 9, முழுக்கூட்டம் 36.

சின்னவர்களுக்கு வண்டுக் கணக்கு. பூவுக்கு ஒரு வண்டு உட்கார்ந்தால் ஒரு வண்டுக்கு இடமில்லை; பூவுக்கு இரண்டாக உட்கார்ந்தால் ஒரு பூ மிச்சம். மூடிகளைப் பூவாகவும் கொட்டைகளை வண்டாகவும் வைத்து நகர்த்தினால் 3 பூ, 4 வண்டு என்று தானாகக் கிடைக்கும்.

சொல்லில் விழும் குழிகள்

‘மீனாவிடம் 8 பென்சில். அது ராஜுவிடம் இருப்பதைவிட 3 அதிகம்.’ ராஜுவிடம் எத்தனை? ‘அதிகம்’ காதில் விழுந்ததும் கூட்டி 11 என்பார்கள். ‘யார்கிட்ட ஜாஸ்தி?’ என்று மட்டும் கேளுங்கள், 5-க்கு வந்துவிடுவார்கள். அக்கா தம்பி வயதைக் கூட்டினால் 16, வித்தியாசம் 4 என்றால் 12, 4 என்று பதில் வரும். கூடுதல் சரியாக வந்ததும் வித்தியாசத்தை மறந்துவிடுவார்கள். சரியான விடை 10, 6. ஒரு முருங்கைக்காயை 6 துண்டாக்க எத்தனை வெட்டு என்றால் 6 என்பார்கள். சமையலறையில் நிஜமாகவே வெட்டிக் காட்டுங்கள், 5.

நேரம்: ஒரு நாளைக்கு பதினைந்து நிமிடம், இரண்டு புதிர். முதலாவது நிச்சயம் வரக்கூடியதாக, இரண்டாவது கொஞ்சம் இழுக்கக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் வாயால் விடை சொல்ல விடாதீர்கள். வேகமான ஒருவர் கத்தியதும் மற்றவர்களின் கணக்கு அங்கேயே நின்றுவிடும். சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். விடை சரியோ தவறோ, ‘எப்படி வந்தது?’ என்று ஒரே குரலில் கேளுங்கள். தவறான விடைக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்ததும் அழித்துவிடுவார்கள். பாதியில் நின்ற புதிரைத் திட்டாமல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து அதன் முன்னால் நின்றாலும் நிற்பார்கள்.