மறதிக்கு டானிக் வாங்கும் முன் பி12 பாருங்கள்

வீட்டில் அப்பா அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போனால், ஞாபகசக்தி டானிக் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். பி12 குறைந்தாலும் மறதி வரலாம். சத்து மாத்திரையோ ஊசியோ தொடங்கும் முன்பே இந்த டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். அப்புறம் எடுத்தால் குறை இருந்தது தெரியாமலே போய்விடலாம்.

பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது; கீரையிலும் பருப்பிலும் கிடையாது. "பல் இல்லை, ரசம் சாதம் போதும்" என்று சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு முதலில் அடிபடுவது இதுதான். போதாக்குறைக்கு, வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, சாப்பாட்டில் இருக்கும் பி12கூட உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் என்று பல வருடமாகப் போடுபவர்களுக்கு இன்னும் குறையலாம். மறதியோடு பாதத்தில் மதமதப்பும் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். நாள்பட விட்டால் நரம்புப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமல் போகலாம்.

அளவு சரியாக இருந்தால் பி12 மாத்திரை போட்டு ஞாபகசக்தி கூடப்போவதில்லை, வேறு காரணத்தைத்தான் தேடவேண்டும். திடீரென்று பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் குழம்பினாலோ டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.