மலர்ப் பள்ளத்தாக்குக்குத் துணி எடுத்து வைக்கும்போது

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு பூத்துக் குலுங்குவது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அங்கே அடைமழைக் காலமும் அதுதான். இமயமலை என்றதும் நம்மவர்கள் பனியை நினைத்துத் துணி எடுத்து வைக்கிறார்கள். போன இடத்தில் பாடாய்ப் படுத்துவது மழையும் வியர்வையும்.

பருத்தியை நம்புவதுதான் பெரிய தவறு. ஊர் வெயிலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் நனைந்த பருத்தி லேசில் காயாது. உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துவிடும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இது தெரிந்து பாலியஸ்டர் டீ-ஷர்ட் வாங்குபவர்கள்கூடப் பழக்கத்தில் உள்ளே பருத்திப் பனியன் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான காங்கரியாவுக்கு ஏறும்போது முதலில் ஊறுவது அந்தப் பனியன்தான். மூச்சு வாங்க நின்ற சற்று நேரத்தில், மேலே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சட்டை இருந்தாலும், முதுகு சில்லிட்டுப் போகும். உள்ளாடைக்கும் இதே கதிதான்: ஈரத் தையல் தொடையிடுக்கை உரசிப் புண்ணாக்கிவிட்டால் மறுநாள் நடக்கவே முடியாது. ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும்.

தடித்த ஜாக்கெட் ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் அடுத்து. அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் உடம்பு வேகும், கழற்றினால் நடுங்கும். மெல்லிய முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ் (கதகதப்பான, பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை), எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு என்று பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத் தொடங்கும் முன்பே ஃபிளீஸைக் கழற்றிவிட வேண்டும். நிற்கும்போது குளிர் தெரிவதற்குள் போட்டுக்கொள்ள வேண்டும். இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்தால் கட்டிதட்டிப் பயனற்றுப் போகும் என்பதால், மழையில் அதை வெளியே எடுக்காதீர்கள்.

‘தினமும் துவைத்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கும் அங்கே பலிக்காது. சுமார் 3,050 மீட்டர் உயரத்திலுள்ள காங்கரியாவில், மழை ஈரத்தில், ராத்திரி கொடியில் போட்ட துணி காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். அதற்காக நாளுக்கு ஒரு ஜோடி அடைத்துச் சுமக்கவும் வேண்டாம். நடக்க இரண்டு செட், உறங்க ஒரு செட் போதும். உறங்கும் செட்டில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. காலையில் ஈரச் சட்டையை மாட்டிக்கொள்வது கொடுமைதான். பாலியஸ்டராக இருந்தால், மழை விட்டு நடக்கும்போது உடம்புச் சூட்டிலேயே உலர்ந்துவிடும்.

முதுகுப் பைக்கு மேலுறை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த உறை முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. கழுத்து வழியாக வழியும் நீர் அங்கேதான் இறங்கும். பைக்குள்ளே கனமான பிளாஸ்டிக் கவர் ஒன்றை விரித்து, அதற்குள் துணிகளை வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

பக்கத்திலுள்ள ஹேம்குண்ட் சாஹிப்புக்கும் ஏறுபவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. 4,000 மீட்டருக்கு மேலுள்ள அந்த குருத்வாராவுக்குள் காலணியைக் கழற்றிவிட்டு, தலையை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். ஈரக் காலுறையோடு அந்தக் குளிர்ந்த தரையில் நிற்பது பெரும் வதை. காய்ந்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடியையும் தலைக்கு ஒரு துணியையும் தனிக் கவரில் கட்டி, கைக்கு எட்டும்படி பையின் மேலறையில் வையுங்கள்.