ட்ரிப்யூனல் கேஸை வாபஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

யூகே வந்து கேர் ஹோம், கிச்சன், வேர்ஹவுஸ்னு வேலைக்குச் சேர்ந்திருக்கிறவங்க எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். சம்பள பாக்கிக்கோ வேலையை விட்டுத் தூக்கினதுக்கோ எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல்ல கேஸ் போட்டுட்டு, "இப்போ எடுத்துடுவோம், வேணும்னா அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்"னு நிறைய பேர் வாபஸ் வாங்கிடுறாங்க. பெரும்பாலும் திரும்பப் போட முடியாதுங்க.

என் கூட ஒரே வீட்ல தங்கியிருந்த தம்பிக்கு மேனேஜர் போன் பண்ணி, கேஸை எடுத்துடு, அடுத்த வாரமே பாக்கியைப் போட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. இவன் அடுப்புல சாதம் கொதிக்கும்போதே நின்ன வாக்கில மெயில் அடிச்சுட்டான், ஒரே வரி, வாபஸ் வாங்குறேன்னு. பணம் வரல, கேஸை டிஸ்மிஸ் பண்ணின தீர்ப்புதான் வந்துச்சு. அந்த லெட்டரை என்கிட்ட நீட்டினப்போ அவன் மூஞ்சி போன போக்கு இன்னும் மறக்கல.

நீங்க எழுதி அனுப்பின நிமிஷமே கேஸ் முடிஞ்சுது, மனசு மாறிட்டேன்னு அந்த மெயிலைத் திரும்ப வாங்க முடியாது, 2006லேயே அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் ட்ரிப்யூனல் டிஸ்மிஸ் தீர்ப்பு போடும், அது வந்துட்டா அதே விஷயத்துக்கு மறுபடி கேஸ் போட வழியில்ல. தீர்ப்பு போடாம இருக்க ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வாபஸ் வாங்கும்போதே "பின்னாடி கேஸ் போடுற உரிமையை விடல"ன்னு எழுதி, அதுக்கு நியாயமான காரணமும் இருக்கணும். இல்லன்னா, தீர்ப்பு போடுறது நியாயமா இருக்காதுன்னு ட்ரிப்யூனலே நினைக்கணும். நியாயமான காரணம்னா எப்படின்னா, ஒப்பந்த மீறல் கேஸ்ல ட்ரிப்யூனல் 25,000 பவுண்டுக்கு மேல தராது, அதுக்கு மேல வர வேண்டியிருந்தா சிவில் கோர்ட்டுக்குப் போறதுக்காக எடுக்கிறது.

உரிமையை வச்சுக்கிட்டாலும் கேஸ் போடுறதுக்கான கெடு ஓடிக்கிட்டேதான் இருக்கும். வேலை நீக்கம், பாகுபாடு மாதிரி கேஸுக்கு இதுவரைக்கும் மூணு மாசத்துல ஒரு நாள் குறைவுதான் கெடு, இதை நீட்டிக்க சட்டம் வந்திருக்கிறதால உங்க தேதிக்கு எதுன்னு ஏகாஸ்ல (வேலை இடத்துத் தகராறுல சமரசம் பேசி வைக்கிற பொது அமைப்பு) கேட்டுக்குங்க. கேஸ் போடுறதுக்கு முன்னாடி ஏகாஸ்ல வாங்குற சமரச சர்டிபிகேட்டை அதே விஷயத்துக்கு ரெண்டாவது தடவை வாங்கினாலும் கெடு நீளாது.

அதனால ஓனர் சமாதானம் பேசினா ஏகாஸ் ஆபீசர் மூலமா சிஓடி3ங்கிற சமாதான ஒப்பந்தப் பேப்பர்ல தொகை, தேதி எல்லாம் எழுதி முடிச்சப்புறம் எடுங்க, வாய் வார்த்தையை நம்பி எடுக்காதீங்க ப்ளீஸ். உடம்பு சரியில்ல, ஊருக்குப் போகணும்னா விசாரணையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கு வாபஸ் எதுக்கு?

ஏற்கனவே மெயில் அனுப்பிட்டவங்க தீர்ப்பு லெட்டர் வந்துச்சான்னு உடனே பாருங்க. வந்திருந்தா, அதை அனுப்பின தேதியில இருந்து 14 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேட்டு எழுதலாம், சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல காசு இல்லாம உதவி கேக்கலாம், போகும்போது அந்த லெட்டரை கவரோட எடுத்துட்டுப் போங்க.