அப்பாவின் டிரங்குப் பெட்டி: பழைய கட்சித் தாள்களைப் பிரித்து வைப்பது எப்படி

வீட்டுப் பரணில் ஒரு தோழரின் பெட்டி இருந்தால், திறந்ததும் சின்னத்தைப் பார்த்துப் பிரிக்க உட்காராதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். கதிர் அரிவாள் ஒரு பக்கம், அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் ஒரு பக்கம். கை சின்ன நோட்டீஸ்களைப் பழைய பேப்பர் கட்டில் போட்டுவிட்டேன். அவைதான் அப்பாவின் பதினோரு வருடம்.

அப்பா ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். காங்கிரஸோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற மூத்த தலைவர் டாங்கேயை இந்திய கம்யூனிஸ்ட் கட்சி 1981-ல் நீக்கியது. அவர் வழி வந்தவர்களும், இன்னொரு தலைவரான மோகித் சென்னோடு இருந்தவர்களும் 1989-ல் சேலத்தில் கூடி உருவாக்கிய கட்சி இது. தமிழ்நாட்டில் தா. பாண்டியன்தான் முகம். 1989, 1991 இரண்டு தேர்தலிலும் அவர் வட சென்னையில் கை சின்னத்தில் நின்றே ஜெயித்தார். அதனால் சின்னத்தை விட்டுவிட்டுப் பெயர்களைப் படியுங்கள்.

முதலில், தாள்கள் கிடந்த வரிசையிலேயே பின்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுங்கள். செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தேதி. பிட் நோட்டீஸில் வருடம் இருக்காது, கிழமை இருக்கும். என்னிடம் இருந்த ஒன்றில் 'மே 7 ஞாயிறு'. காலண்டர்படி 1989, 1995, 2000 மூன்றுமே பொருந்தின. பாண்டியன் பெயருக்குப் பின்னால் 'எம்.பி.' என்றிருந்தது. 1989 மே மாதம் அவர் எம்.பி. ஆகவில்லை, 2000-ல் எம்.பி. இல்லை. ஆக, 1995. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், ஊர் தெரியும்.

ரசீதுப் புத்தகத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். அப்பாவுடையது தாய்க்கட்சி அச்சடித்தது. ஒவ்வொரு தாளிலும் 'இந்திய' என்பதை நீல மையால் அடித்து, மேலே 'ஐக்கிய' என்று எழுதியிருக்கிறார். முதல் சில தாள்களில் கோடு நேராக இல்லை, மை தாளைக் கிழித்திருக்கிறது. பத்துப் பதினைந்து தாள் போனதும் கை பழகிவிட்டது. இதை எந்தக் கட்சிக் கோப்பில் வைப்பது? எதிலும் வேண்டாம். அவர் பெயரில் தனிக் கோப்பு போடுங்கள்.

2000-ல் பாண்டியன் தாய்க்கட்சிக்கே திரும்பினார். அப்பாவின் கடைசி அடிக்கட்டையும் அந்த வருடம்தான், ஐந்து ரூபாய். அதற்குப் பின் எல்லாம் வெற்று ரசீது, ஆனால் ஒவ்வொன்றிலும் 'ஐக்கிய' எழுதி வைத்திருக்கிறார். வெற்றுத் தாள்தானே என்று கிழித்துவிடாதீர்கள். அவற்றுக்கும் எண் போடுங்கள்.