வேப்பெண்ணெயா, டாக்டர் மருந்தா: உண்ணி விஷயத்தில் நான் செய்த தவறுகள்

எங்கள் கம்பம் பக்கம் கோம்பை நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் என்னிடம் வந்துவிடுவார்கள். "அண்ணே, உண்ணிக்கு வேப்பெண்ணெய் நல்லதா, டாக்டர் மருந்து நல்லதா?" நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். உண்ணியைப் பிடுங்கிக் கையால் நசுக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

நாயை மட்டும் பார்ப்பது

என் செவலைக்கு ஞாயிறுதோறும் வேப்பெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். புதன்கிழமை காதுமடலைப் புரட்டினால் கொட்டமுத்து மாதிரி இரண்டு தொங்கும். வேப்பெண்ணெயைத் திட்டிவிட்டுப் பிடரியில் விடும் சொட்டு மருந்துக்கு மாறினேன். கொஞ்ச நாள் சுத்தம், அப்புறம் மறுபடி வந்தது. அதையும் திட்டினேன். இப்படியே ஆறு மாதம்.

ஒரு நாள் சோற்றைத் தொடவில்லை. மூக்கில் ரத்தம் கசிந்தது, ஈறு வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் எர்லிச்சியா என்றார். உண்ணி கடித்துப் பரவும் கிருமி அது, ரத்தத்தின் தட்டணுக்களைக் குறைத்துவிடும். டாக்ஸிசைக்ளின் 28 நாள். மொத்தச் செலவு நாயை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்: "நாய் எங்கே படுக்கும்? அங்கே சுவர் எப்படி?"

அன்று ராத்திரி டார்ச்சோடு போனேன். பூச்சு பெயர்ந்த சுவர். இடுப்பு உயரத்தில் ஒரு விரிசல், அதன் ஓரமாகக் கடுகு சிந்தினாற்போல் பொடி உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

நம் நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி வாழ்நாளில் மூன்று முறைதான் நாய்மேல் ஏறும்: ஆறுகால் குஞ்சாக, எட்டுக்கால் இளசாக, வளர்ந்தபின் ஒரு முறை. குடித்து முடித்ததும் கீழே விழுந்து விரிசலுக்குள் போய்விடும். வயிறு நிறைந்த பெட்டை 4,000 முட்டை வரை அங்கேயே இடும். பொரிந்த குஞ்சுகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து அடுத்த நாய்க்குக் காத்திருக்கும். எண்ணெயோ சொட்டோ, நான் சண்டை போட்டதெல்லாம் மேலே ஏறி வந்த கொஞ்சத்தோடு.

நாயை வேறிடத்தில் கட்டிவிட்டு, டாக்டர் சொன்ன அளவில் கலந்த மருந்தை விரிசலுக்குள் அடித்தேன். பதினைந்து நாள் கழித்து மறுபடி. பிறகு சிமென்ட் வைத்து அடைத்தேன், படுத்த சாக்கைக் கொளுத்தினேன். நாய்க்கும் நாலு மாதம் இடைவிடாமல் மருந்து. அதற்கப்புறம்தான் ஓய்ந்தது.

இன்றும் யாராவது நாயின் காதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எரிச்சல் வருகிறது. சுவரை எடுத்து அனுப்பப்பா!

தோட்டத்து மருந்து

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறவர்கள் சிலர் மிச்சமான மருந்தை ஒரு மூடி கலந்து நாய்மேல் ஊற்றுகிறார்கள். குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கும். எச்சில் ஒழுகி, உடம்பு உதறி, செத்தே போகும். மாட்டு உண்ணிக்கு வாங்கிய அமிட்ராஸும் அளவு தப்பினால் நாயை மயக்கிச் சாய்த்துவிடும். பயிருக்கு அடிப்பது பயிருக்குத்தான்.

பெயர் சொல்லி மருந்து வாங்குவது

நமக்குத் தெள்ளு வேறு, உண்ணி வேறு. மலையேறிக் கேரளத்துக் குமுளிக்குப் போனால் அங்கே பலருக்கு இரண்டுமே 'செள்ளு'. தெள்ளைக் கொல்லும் எல்லா மருந்தும் உண்ணியைக் கொல்லாது. ஒன்றைப் பிடித்துப் பாட்டிலில் போட்டுக் கடையில் காட்டுங்கள்.

சொட்டு விடுவதற்கு முந்தின நாள் ஷாம்பு

சொட்டு மருந்தில் இருக்கும் ஃபிப்ரோனில் தோலின் எண்ணெயோடு சேர்ந்துதான் உடம்பெல்லாம் பரவும். அந்த எண்ணெயைக் கழுவிவிட்டு மருந்தைக் குறை சொல்லக்கூடாது. முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம்.

மாத்திரை கொடுத்ததும் உண்ணியைத் தேடுவது

ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் எல்லாம் ரத்தம் வழியாக வேலை செய்பவை. உண்ணி கடித்தால்தான் சாகும், அதனால் ஒன்றிரண்டு கண்ணில் படத்தான் செய்யும். உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மாத்திரைகளுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் வலிப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

பூண்டு

உண்ணிக்கென்று கொடுக்காதீர்கள். ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும்.

வீட்டில் பூனை இருந்தால்

பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் நாய்க்குப் போடாதீர்கள். நாய் தாங்கும், பக்கத்தில் படுக்கிற பூனை தாங்காது.